கருவண்டின் நீலச் சிறகு

இரும்பும் வண்டும் மனிதரோடு வழக்காடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பனங்காட்டு ஓரத்தில் சடைச்சி என்பவள் கொல்லுலை வைத்திருந்தாள். அப்போதெல்லாம் கத்தியைப் பிடிக்குள் செருகி அரக்கு வைத்து ஒட்டுவார்கள். அவ்வளவுதான்.

ஒரு நண்பகலில் பனையேறி பொன்னுலிங்கம் ஒரு கையில் பிடியும் மறுகையில் கத்தியுமாக ஓடிவந்தார்.

“வெயிலில் அரக்கு இளகிப்போச்சு, தங்கச்சி. உச்சியில் பாளை சீவும்போது கத்தி கழன்று விழுந்துட்டு. கீழே நின்ற உன் மதினி கால் பக்கத்தில் குத்தி நின்னுட்டு!”

“ஐயோ! மதினிக்கு ஒண்ணுமில்லையே?”

“பயந்துட்டா. ஆனா விடிஞ்சதும் நான் ஏறியாகணும். சீவாமல் விட்டால் பாளை வறண்டுபோகும்.”

சடைச்சி கத்தியின் வாலைத் தடவிப் பார்த்தாள். பிடிக்குள் மறையும் பகுதிதான் வால். “இதில் ஒரு துளை போட்டு, பிடியோடு சேர்த்து ஆணி அறைஞ்சிட்டால் கழலாது, அண்ணாச்சி.”

கூரை மூங்கிலைக் குடைந்துகொண்டிருந்த கருவண்டு இறங்கி வந்தது. “துளைதானே? தள்ளு, நான் போடுறேன்.”

“வா தம்பி,” என்று சிரித்தது கத்தி. “பல்லை எண்ணி வச்சுட்டு வா.”

வண்டு சுழன்றது. பல் வழுக்கியதே தவிர, கத்தியில் கீறல்கூட விழவில்லை.

சடைச்சிக்குக் காரணம் புரிந்தது. அடித்த சூட்டோடு கத்தியைத் தலைமுதல் வால்வரை தண்ணீரில் முக்கிப் பதம் ஏற்றுவது அவள் வழக்கம். வெட்டும் முனையான வாயைப் போலவே வாலும் இறுகியிருந்தது.

“உன் பதத்தை எடுக்கப்போறேன்,” என்றாள் கத்தியிடம்.

கத்தியின் சிரிப்பு நின்றது. “பதம் போனால் நான் வெறும் தகடு. திரும்ப வராவிட்டால்?”

“வரவைப்பேன். அதுவரை உலை அணையாது.”

கத்தியைச் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்தாள். அது மெல்ல மெல்ல ஆறி இளகியது. வண்டு மறுபடியும் பாய்ந்து சுழன்றது. புகை வந்தது.

“அவசரப்படாதே! சூடேறினால் அந்த இடம் மறுபடி இறுகிடும்,” என்று சடைச்சி எண்ணெய் சொட்டினாள்.

வண்டு நிதானமாகக் குடைந்தது. சுருள் சுருளாக எஃகுச் சீவல் உதிர்ந்தது. அப்படியும் உள்ளிருந்து ஏறிய வெக்கையில் அதன் சாம்பல் நிறச் சிறகு நீலம் பாரித்தது.

“போதும், எரியுது பார்!” என்றார் பொன்னுலிங்கம்.

“பாதித் துளையில் எந்த ஆணி போகும், மாமா?” என்றது வண்டு. மறுபக்கம் வெளிச்சம் தெரிந்த பிறகே எழுந்தது.

சடைச்சி கத்தியை மீண்டும் காய்ச்சினாள். இந்த முறை வாலைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் தண்ணீரில் முக்கினாள். இளஞ்சூட்டில் வாட்டி, தீட்டி, ஓர் ஓலை ஈர்க்கை அதன் மேல் வைத்தாள். ஈர்க்கு இரண்டாக விழுந்தது.

“வந்துட்டேன்!” என்றது கத்தி. சடைச்சி வாலைப் பிடிக்குள் செருகி, துளை வழியே ஆணி அறைந்தாள்.

மறுநாள் விடியலில் பொன்னுலிங்கம் உச்சியில் நின்று பாளை சீவினார். வெயில் ஏறியது. பிடி அசையவில்லை. அவர் மனைவி மரத்தடியிலேயே நின்று, கலயத்தை வாங்கக் கை நீட்டினாள்.

அன்று முதல்தான் கொல்லர்கள் துளையை முதலில் போட்டு, பதத்தைப் பிறகு ஏற்றுகிறார்கள். கருவண்டும் அன்று முதல்தான் மரம் குடைவதோடு நிறுத்திக்கொண்டது. ஆனாலும் வெயிலில் அது பறக்கும்போது பாருங்கள், காய்ச்சிய எஃகின் நீலம் அதன் சிறகை விட்டு இன்னும் போகவில்லை.