வெறுங்கையோடு படியேறியவள்

முன்னொரு காலத்தில், மலைக்கோயில் மடைப்பள்ளியில் புகை எழுவதைப் பார்த்த பிறகே உணவில் கை வைக்கும் அரசர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். ஆனால் காலையில் அவர் மனத்தில் ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது ஆணையாகிவிடும்.

ஒரு நாள் அவர் மலையடிவாரத்தில் நின்றபோது இரண்டு பெண்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். செங்கமலத்தின் தலையில் பெரிய விறகுக்கட்டு. அவளுடைய நாத்தனார் பவளாயி, வெறுங்கையோடு, லேசாக நொண்டியபடி பின்னால் போனாள்.

"ஒரு கட்டு விறகுக்கு இரண்டு பேரா?" என்று கேட்டார் அரசர்.

மடைப்பள்ளி அதிகாரி வீரகேசவர் உடனே முன்னால் வந்தார். "அதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன், அரசே. இருவருக்கும் தினமும் கோயில் சோறு போகிறது. சரியான கருவி இருந்தால் ஒருத்தி போதும். அந்த நொண்டியை நிறுத்திவிடலாம்."

பக்கத்தில் அரசவை விகடகவி அம்பலவாணர் நின்றிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு அரசர் சிரிக்கும்போதெல்லாம் வீரகேசவருக்கு வயிறு எரியும்.

"அரசே, விறகு சரிந்து விழுந்துதான் பவளாயியின் கால் ஊனமாயிற்று. அந்தச் சோறும் நின்றால் அவள் எங்கே போவாள்?" என்றார் அம்பலவாணர்.

"இரக்கம் வந்து விறகு சுமக்குமா?" என்று சிரித்தார் வீரகேசவர். "அவ்வளவு அக்கறை இருந்தால் விகடகவியே ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கட்டுமே."

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "ஆமாம்! அம்பலவாணரே, நாளைக் காலையில் ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். அதன் உதவியோடு, சுமப்பவர் ஒருவரே முழுக் கட்டையும் மேலே சேர்க்க வேண்டும். சுவாமிக்குச் சமைக்கும் விறகு, கீழே எறியக் கூடாது. காட்டிவிட்டால் பவளாயியின் சோறு தொடரட்டும். உம்மால் முடியாவிட்டால் அவள் நின்றுவிடட்டும்."

மறுநாள் மலையடிவாரத்தில் கயிறு, கொக்கி, இடுக்கி, காவடித்தண்டு, கைவண்டி எல்லாம் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. அம்பலவாணர் அவற்றைச் சுற்றி வந்து கைகூப்பினார்.

"அரசே, கருவிகளைப் பற்றி நன்கு அறிந்தவர் நம் அதிகாரி. முதலில் அவர் தேர்ந்தெடுத்துச் சுமக்கட்டும். அவரால் முடியாவிட்டால் மட்டும் நான் தேர்ந்தெடுக்கிறேன்."

அரசர் முன் விகடகவியை வென்றுவிடலாம் என்று வீரகேசவர் மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார்.

கைவண்டி முதல் படியிலேயே முட்டி நின்றது. காவடியில் தொங்கிய நீண்ட கட்டைகள் படியில் இடித்து அவரைப் பின்னுக்குத் தள்ளின. கொக்கியால் இழுத்த விறகு உருண்டு அவர் காலுக்கே வந்தது. கடைசியில் தலையில் சும்மாட்டை வைத்தார். விறகுக்கட்டை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, மூச்சைப் பிடித்துப் பாதி எழுந்தார். அதற்கு மேல் எழவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"ஐயையோ! என்ன வேடிக்கை பார்க்கிறீங்க? யாராவது வந்து பிடிங்கய்யா!"

அரசர் இருக்கும்போது அசைய யாருக்கும் துணிவில்லை. நொண்டிக்கொண்டே ஓடி வந்தவள் பவளாயிதான்.

"ஆடாதீங்க சாமி, கழுத்து பிடிச்சுக்கும்," என்று கட்டை ஏந்தி அவர் தலையில் அமர்த்தினாள். "ம், இப்ப எந்திரிங்க. மூணாவது படி வழுக்கும், பாத்து."

வீரகேசவர் படியேறினார். பவளாயி வெறுங்கையோடு பின்னால் போனாள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க அரசரும் ஏறினார்.

மடைப்பள்ளி வாசலில் வீரகேசவர் மறுபடியும் சிலைபோல நின்றுவிட்டார். கட்டை எப்படி இறக்குவது? கண்களை மட்டும் உருட்டித் தேடினார். பவளாயியின் கைகள் அதற்குள் உயர்ந்திருந்தன.

"மெல்ல முட்டியை மடக்குங்க சாமி. அவ்வளவுதான், இறங்கிருச்சு."

அவள் ஏன் தினமும் வெறுங்கையோடு மலையேறுகிறாள் என்பது அப்போதுதான் அரசருக்குப் புரிந்தது.

"அரசே, நான் தேர்ந்தெடுத்துவிட்டேன்," என்று பவளாயியின் கைகளைக் காட்டினார் அம்பலவாணர்.

வீரகேசவர் மூச்சிரைக்கக் கத்தினார். "இது மோசடி! ஒரே ஒரு கருவி என்பது அரசர் ஆணை. கைகள் இரண்டு!"

"இடுக்கிக்கும் இரண்டு கால்கள். அதை இரண்டு கருவிகள் என்றா சொல்கிறோம்? சுமந்தவர் நீங்கள் ஒருவர். விறகையும் எறியவில்லை. ஆணையில் எது குறைந்தது? மற்ற கருவிகளை நாம் போய் எடுக்க வேண்டும். இது கூப்பிட்டால் ஓடி வருகிறது. விரட்ட நினைத்தவரிடமும் வருகிறது."

அரசர் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்கு அணிவித்தார். பவளாயிக்கு உயிருள்ளவரை கோயில் சோறு உண்டு என்று அங்கேயே அறிவித்தார்.

பவளாயியின் கவனமோ வேறெங்கோ இருந்தது. "சாமி, கழுத்துல சிராய் ஏறியிருக்கு. கொஞ்சம் குனிங்க," என்றாள். வீரகேசவர் தலை குனிந்தார். சிராயை எடுத்த பிறகும் வெகுநேரம் நிமிரவில்லை.

அதன் பிறகு அடிவாரத்தில் யாராவது சுமையோடு காத்து நின்றால், வீரகேசவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டுப் போவார். யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மலைமேல் இருப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.