உண்டியலில் போட்ட தீர்ப்பு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த ஊர்க் குடும்ப நீதிமன்றத்திலும் முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிப்போயிற்று.

குரு, வக்கீல் அங்கயற்கண்ணி. சீடர், மாசிலாமணி. பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். சட்டம் படித்து, கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டு, "என்னை ஜூனியரா சேர்த்துக்கணும் மேடம்" என்று வந்து நின்றார். அவர் "மேடம்" என்பார். அந்தம்மா "சார்" என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

மாசிலாமணியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டால், "யாருடா முதல்ல கை வச்சது?" என்பார். அது தெரியாமல் ஒருத்தனையும் வகுப்புக்கு விடமாட்டார். மணி அடித்தாலும் விடமாட்டார். மழை வந்தாலும் விடமாட்டார்.

அந்தப் பிடிவாதத்தோடுதான் அமுதவல்லியின் விவாகரத்து மனுவை எழுதிக்கொண்டு வந்தார். அமுதவல்லி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் சரி, அவள் புருஷனும் சரி, சம்மதித்துப் பிரிந்துகொள்கிறோம் என்று சொல்லியாயிற்று. மூன்று பக்கத்தில் முடிகிற வேலை. மாசிலாமணி முப்பத்துநாலு பக்கம் எழுதியிருந்தார்.

அங்கயற்கண்ணி புரட்டினார்.

"பொங்கலன்னைக்கு சாம்பார் கிண்ணத்தைத் தூக்கி எறிஞ்சது, பத்தி பதினாறு. எறிஞ்ச கிண்ணம் எவர்சில்வர்னு வேற போட்டிருக்கீங்க."

"நடந்ததுதான் மேடம். அந்தப் பொண்ணே அழுதுக்கிட்டே சொன்னா."

"அவங்க புருஷனும் இதுல கையெழுத்துப் போடணும் சார்."

"போடட்டுமே! ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறோம்னு மூணு வரி எழுதிட்டா, தப்பு செஞ்சவன் ஜம்முனு வெளியே போயிடுவான். யார் மேல தப்புன்னு எங்கேயாவது ஒரு இடத்துல இருக்க வேண்டாமா?"

அங்கயற்கண்ணி முப்பத்துநாலு பக்கத்தையும் அடுக்கி மேஜை ஓரத்தில் வைத்தார். காகிதம் பறக்காமல் மேலே கண்ணாடிக் குண்டை வைத்தார்.

"வெளியே பூங்கோதைன்னு ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குப் பழைய தீர்ப்பு நகல் ஒண்ணு வேணும். வாங்கிக் கொடுத்துட்டு வாங்க."

"என் கேள்வி?"

"நகல் கைக்கு வந்ததும் கேளுங்க."

பூங்கோதைக்கு முப்பத்தாறு வயதிருக்கும். தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து ஆனவள். இப்போது தர்மலிங்கம் என்று லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது. நல்ல மனிதர், அவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். தேதி குறித்தாயிற்று. பதிவு அலுவலகத்தில் பழைய தீர்ப்பின் நகல் இல்லாமல் பதிய மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அன்னைக்கே ஒரு நகல் கொடுத்திருப்பாங்களேம்மா?"

"கொடுத்தாங்க சார்."

"எங்கே அது?"

"அம்மன் கோயில் உண்டியல்ல போட்டுட்டேன்."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார். "உண்டியல்லயா?"

"கழட்டின தாலியை வீட்டுல வச்சுக்கக் கூடாது, அம்மனுக்குச் சேர்த்துடுன்னு எங்கம்மா சொன்னாங்க. அதோட சேர்த்து இந்தக் கவரையும் மடிச்சுப் போட்டுட்டேன். வாய் சின்னது. குச்சி வச்சுக் குத்தித் தள்ளினேன்."

"அடக் கடவுளே! வழக்கு நம்பராவது ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார். கவரைப் பிரிக்கவே இல்ல."

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. பரீட்சைக்குப் பேனா கொண்டுவராத பையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், நகல் கிடைக்காதுன்னு எழுதிக் கொடுத்துடுவாங்களா?"

"கிடைக்கும்மா. ஏன் கிடைக்காது?"

"கிடைக்கலைன்னா நல்லதுன்னு தோணுது."

இது என்னடா வம்பு என்று அவருக்கு ஆகிவிட்டது. நகல் வேண்டும் என்று வந்தவள், கிடைக்காமல் போனால் நல்லது என்கிறாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

முதலில் வழக்குப் போட்டவன் புருஷன். இவள் நடத்தை சரியில்லை என்று பேர் பேராக எழுதியிருந்தான். அதில் ஒரு பேர், இவள் தம்பியோடு படித்த பையனுடையது. இவள் கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. கோர்ட்டில் அதை வாசித்தபோது இவள் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பெரியவர்கள் பேசி, அந்த மனுவை வாபஸ் வாங்கி, சம்மதத்தின் பேரில் முடித்தார்கள். அந்த அப்பா அடுத்த வருஷமே போய்விட்டார்.

"அதெல்லாம் அந்தக் காகிதத்துல இருக்கும் சார். இப்போ கட்டிக்கப் போறவரோட அக்கா, 'நகல் வாங்கினதும் என்கிட்ட ஒரு தடவை காட்டு'ன்னு சொல்லியிருக்காங்க. அவங்க அதைப் படிச்சா நான் அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்வேன்? நகல்ல அது இருந்தா இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லிடப் போறேன். சத்தியமாச் சொல்றேன்."

மாசிலாமணிக்கு முப்பத்துநாலு பக்கம் ஒரு தரம் நினைவுக்கு வந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. அவர் எழுதியது உண்மை, அவன் எழுதியது பொய். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

நம்பர் இல்லாமல் எப்படித் தேடுவது?

"உண்டியல்ல போட்டது எந்த நாள்? நினைவிருக்கா?"

"ஆடிப்பூரம் சார். அம்மனுக்கு வளையல் சாத்தின அன்னைக்கு. எல்லாப் பொம்பளைங்களும் வளையல் வாங்கிட்டுப் போனாங்க. நான் மட்டும் வெறுங்கையோட வந்தேன். மறக்குமா?"

அங்கேதான் ஹெட்மாஸ்டர் மூளை வேலை செய்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆடிப்பூரத்தன்று உள்ளூர் விடுமுறை. விடுமுறை விட்டது யார்? சாட்சாத் மாசிலாமணி. வீட்டில் போய்ப் பழைய டைரியை எடுத்தார். தேதி கிடைத்தது. நகல் கிடைத்த சூட்டோடுதான் உண்டியலில் போட்டிருப்பாள்; அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு மாதத் தீர்ப்புகளில்தான் அது இருக்க வேண்டும்.

மறுநாள் அவரும் பூங்கோதையும் நீதிமன்றத்தின் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கிற பதிவறைக்குப் போனார்கள். பதிவறைப் பொறுப்பாளர் இஸ்மாயில் சாவதானமான மனிதர். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தூசி தட்டி, பழைய பதிவேட்டை விரித்தார். மாசிலாமணி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அரை மணி நேரத்தில் பேர் அகப்பட்டது.

"இதோ! பூங்கோதை! இதானேம்மா?"

அவள் எட்டிப் பார்க்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

அந்த வரிக்குச் சற்று முன்னால் அதே புருஷன் பேரில் இன்னொரு வரி இருந்தது. அதுதான் முதல் வழக்கு. அதற்கு நேராகச் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: அழிக்கப்பட்டது.

"இது என்ன இஸ்மாயில் சார்?"

"வாபஸ் ஆன மனு. வச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சுது. வழக்குக் கட்டை அழிச்சாச்சு."

"அழிச்சாச்சுன்னா?"

"கிழிச்சு மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்பியாச்சு சார். இந்நேரம் எந்தப் பிள்ளை அதுல வாய்ப்பாடு எழுதுதோ."

"அப்போ அதுல எழுதியிருந்தது? சாட்சி? விசாரணை? யார் மேல தப்புன்னு…"

இஸ்மாயில் நாலு பக்கமும் நிற்கிற அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார்.

"அதையெல்லாம் வச்சுக்க இங்கே இடம் ஏது சார்? தீர்ப்பு மட்டும் நிரந்தரம். மத்ததுக்கெல்லாம் ஒரு தேதி இருக்கு."

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடிக்கொண்டது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

நகல் மனு போட்டார்கள். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினார்கள். நாலாம் நாள் நகல் தயார் என்று அறிவிப்புப் பலகையில் நம்பர் வந்தது. மாசிலாமணி போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பூங்கோதை வேப்ப மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் நீட்டினார். அவள் கை நீளவில்லை.

"நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க சார். இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"படிக்கத் தெரியாதவளா நீ? உன் காகிதம். நீயே படி."

கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னார். அந்தக் குரலுக்கு ஊரில் பாதிப் பேர் பயந்து வளர்ந்தவர்கள். அவள் வாங்கிப் பிரித்தாள்.

ஒரே தாள்தான். பின்பக்கம் நகல் பிரிவு முத்திரை. முன்பக்கம் இரண்டு பேர், இரண்டு விலாசம், கல்யாணம் நடந்த தேதி. அதற்குக் கீழே, இருவரும் மனமொத்துக் கோரியபடி அந்தத் திருமணம் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது என்று ஒரு வரி. நீதிபதி கையெழுத்து.

அவள் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

"மீதி எங்கே சார்?"

"மீதி இல்லேம்மா."

"அந்த ஆள் எழுதினது?"

"அது இல்ல. அந்தக் கட்டே இப்போ உலகத்துல இல்ல."

"அன்னைக்குக் கவர்ல இருந்ததும்…"

"இதேதான். இந்த ஒரு தாள்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பக்கத்தில் வெண்டைக்காய்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், என்னமோ ஏதோ என்று எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணுமில்லைக்கா. ஒண்ணுமே இல்லக்கா" என்றாள் பூங்கோதை. "பதினோரு வருஷம் சார்! உண்டியல் எண்ணுறவங்ககூட இதைப் படிச்சிருப்பாங்க. நான் படிக்கல பாருங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே தர்மலிங்கத்தின் அக்காவுக்குப் போன் போட்டாள். அடுத்த வீட்டுக்குக் கேட்கிற குரல் அந்த அக்காவுக்கு; ஸ்பீக்கர் போடாமலே மாசிலாமணிக்குக் கேட்டது.

"அக்கா, நகல் வந்துடுச்சு. நீங்க பார்க்கணும்னு சொன்னீங்களே."

"ஆமாடி. அதுல உன் பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கான்னு பாரு. எங்க நாத்தனார் மகளுக்கு அது ஒத்துவராம ரெண்டு மாசம் அலைய விட்டாங்க. அதுக்குத்தான் கேட்டேன்."

"அவ்வளவுதானாக்கா?"

"வேற என்னடி? வரும்போது அந்தப் பக்கம் நல்ல மல்லி கிடைச்சா வாங்கிட்டு வா."

பூங்கோதை போனை வைத்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். மாசிலாமணிக்கும் தன் நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவருக்கே தெரியவில்லை.

"இதை இனிமே உண்டியல்ல போட்டுடாதேம்மா."

"போட மாட்டேன் சார். பீரோவுல மேல் தட்டுல வைப்பேன். அவரும் பார்க்கிற மாதிரி."

அவள் தாளை மடிக்கவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மல்லி வாங்க வேண்டுமே.

மாசிலாமணி அறைக்குத் திரும்பினார். அங்கயற்கண்ணி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேஜை ஓரத்தில் முப்பத்துநாலு பக்கம் அப்படியே இருந்தது. எதிர் நாற்காலியில் அமுதவல்லி. டியூட்டி முடிந்து நேரே வந்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது.

"நகல் கிடைச்சுதா சார்?"

"கிடைச்சுது மேடம். ஒரே தாள்."

"பூங்கோதை?"

"பூ வாங்கப் போயிருக்கா."

"நல்லது. உங்க கேள்வியைக் கேளுங்க."

மாசிலாமணி அமுதவல்லியைப் பார்த்தார். முப்பத்துநாலு பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிக் குண்டை எடுத்தார். முதல் பக்கத்தைத் திருப்பினார். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது. மனசு கேட்கவில்லை.

"மேடம், இதுல இருக்கிறது பொய்யில்லை. ஒவ்வொரு வரியும் நடந்தது."

"எனக்குத் தெரியும் சார்."

"அப்போ இதை என்ன செய்யட்டும்?"

அங்கயற்கண்ணி பேனாவை மூடினார். அமுதவல்லியை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையைக் காலால் மெதுவாக அவர் பக்கம் தள்ளினார்.

"இஸ்மாயில் சார் பத்து வருஷம் கழிச்சுச் செய்யறதை நீங்க இன்னைக்கே செஞ்சிடுங்க. இந்தப் பொண்ணு எதுக்கு அதுவரைக்கும் காத்திருக்கணும்?"