மேல்கையில் உளி படக்கூடாது

ஒரு காலத்தில், கோரையாற்றுக்கு வடக்கே இருந்த ஒரு நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் ஆண்டான் என்பதைவிட அவனுடைய பட்டங்கள் ஆண்டன என்று சொல்லலாம். காலையில் கட்டியக்காரன் 'வீராதி வீர, சூராதி சூர, வில்லாதி வில்ல' என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். வழக்குச் சொல்ல வந்த குடியானவர்கள் பசி பொறுக்காமல் வீட்டைப் பார்த்துப் போய்விடுவார்கள். "பார்த்தீர்களா, நம் நாட்டில் வழக்கே இல்லை" என்று ராஜா பூரித்துப்போவான்.

அவனுக்கு மருதவாணர் என்று ஒரு மந்திரி. நல்ல புத்திசாலி. புத்திசாலி இருக்கிற சபையில் வயிற்றெரிச்சல்காரர் ஒருவர் இல்லாமலா போவார்? அவர்தான் ராஜாவின் மைத்துனர் அடைக்கலநாதர். ராஜா எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்பவர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். விஜயதசமியன்று ராஜா புது வில்லெடுத்து, கோயில் வாசலில் நட்ட வாழைமரத்தில் அம்பு போட வேண்டும். வில் அவன் கையில் முறிந்தால் அபசகுனம். செய்தவரும் செய்வித்தவரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போய்விட வேண்டும். அந்த வருஷம் செய்விக்கும் பொறுப்பு மருதவாணர் தலையில் விழுந்தது.

மருதவாணர் பக்கத்தில் நிற்க, வில் செய்யும் சுடலையாண்டி ஆசாரி சடச்சிமரக் கழி ஒன்றைச் சுவர் முளையில் மாட்டி, நாணை இழுத்து இழுத்துப் பார்த்துச் சீவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ராஜாவும் மைத்துனரும் பட்டறைக்குள் நுழைந்தார்கள்.

"என்ன செய்கிறீர்?" என்றான் ராஜா.

"வில்லோட மேல்பாதி, மேல்கைன்னு சொல்வோம், விறைப்பா நிக்குதுங்க மகாராஜா. விறைச்ச பக்கத்தைச் சீவணும். நல்லா வளையற பக்கத்துல உளியே வைக்கக்கூடாது. ரெண்டு கையும் ஒண்ணுபோல வளைஞ்சாத்தான் அதுக்குப் பேரு வில்லு."

அடைக்கலநாதர் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா, இதைக் கேட்கவா நான் வந்தேன்? வில்லில் மேலே இருப்பது அரசர், கீழே இருப்பது குடிகள். அரசருடைய கையை ஆசாரி சீவுவதா? வளைய வேண்டியது குடிகள்தானே, கீழ்கையை வேண்டுமட்டும் சீவட்டுமே."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மேலே இருக்கும் கையில் உளி படக்கூடாது. கீழே இருக்கும் கையைத்தான் சீவ வேண்டும். இது ஆணை" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான். மைத்துனர் மந்திரியைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"போச்சு சாமி" என்று ஆசாரி உளியைக் கீழே போட்டார். "ஒரு பக்கம் உலக்கை, மறுபக்கம் ஈர்க்குச்சி. இழுத்தா கீழ்கை முறிஞ்சு ராஜா மூஞ்சியிலதான் அடிக்கும். எம் பொண்ணு நிறைமாசம், அவளை வச்சுக்கிட்டு எந்த நாட்டுல போய் நிப்பேன்?"

மருதவாணர் முளையில் தொங்கிய கழியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஆசாரியாரே, தான் மேல்கையா கீழ்கையா என்பது மரத்துக்குத் தெரியுமா?"

"மரத்துக்கு என்னங்க தெரியும்? நாம பிடிக்கிறபடிதான்."

"அப்படியென்றால் இதைச் சொன்னபடியே சீவி வையும். கூடவே இன்னொரு கழியும் எடும்" என்றார் மந்திரி.

விஜயதசமி வந்தது. கோயில் வாசலில் ஊரே கூடியிருக்க, மந்திரி முதல் வில்லை நீட்டினார். "அரசே, ஆணை பிசகாமல் செய்த வில். தாங்கள் உண்ணுமுன் சமையற்காரர் ருசி பார்ப்பதுபோல, இந்த யோசனை சொன்னவரே முதலில் இழுத்துப் பார்க்கட்டும்."

"எனக்குத் தோள்பட்டையில் பிடிப்பு" என்றார் அடைக்கலநாதர்.

"நேற்று மாலை என்னோடு பந்தாடினீரே மைத்துனரே" என்றான் ராஜா. "இழும்."

வேறு வழியில்லை. மைத்துனர் வில்லை வாங்கி, கண்ணை இறுக மூடி, முகத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, பாம்பைத் தொடுவதுபோல நாணைத் தொட்டார்.

"முகத்தை ஏன் திருப்புகிறீர்?"

"முறிந்தால் மூக்கில் அடிக்குமே, அதனால்..." வாய் தவறி வந்துவிட்டது.

ராஜா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஓகோ, உம் மூக்கு மூக்கு, என் மூக்கு என்ன கத்தரிக்காயா?" என்றான். ஆசாரி அந்த வில்லை வாங்கி மரக்கிளையில் மாட்டிக் கயிற்றால் இழுத்தார். படாரென்று கீழ்கை இரண்டாய்ப் போனது.

மந்திரி இரண்டாவது வில்லை எடுத்து நாணை இழுத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்தது.

"மோசம், அரசே" என்று கத்தினார் மைத்துனர். "இதில் மேல்கையையும் சீவியிருக்கிறார்கள்."

"இல்லை அரசே. கீழே இருந்த கையைத்தான் சீவினோம். பிறகு கழியைத் தலைகீழாக மாட்டினோம். அப்போதும் கீழே இருந்த கையைத்தான் சீவினோம். ஆணையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் காப்பாற்றியிருக்கிறோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இதில் என் கை எது?"

"தாங்கள் எதை மேலே பிடிக்கிறீர்களோ, அது."

ராஜா வில்லை ஒரு முறை திருப்பிப் பார்த்து, நாணேற்றி இழுத்தான். அம்பு வாழைத்தண்டில் ஆழமாய்ப் பாய்ந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான், கைக்கடகத்தை ஆசாரிக்குக் கொடுத்தான். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பி, "இவரை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள்" என்றான்.

அடைக்கலநாதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தலைப்பாகை உருண்டு ஆசாரியின் காலடியில் போய் நின்றது.

"வேண்டாம் அரசே" என்றார் மருதவாணர். "நன்றாக வளைந்த பக்கத்தில் உளி வைக்கக்கூடாது என்று ஆசாரியார் அன்றே சொன்னார்."

"அப்படியானால் விறைத்து நிற்கிற பக்கம் எது?"

மந்திரி வில்லின் நாணைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். ராஜா நாலாபக்கமும் பார்த்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்தது. கட்டியக்காரனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பட்டங்களைச் சொல்லி முடித்தாயிற்று. அன்றைக்கே மூன்று வழக்குகள் தீர்ந்தன, வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சுடுசோறு சாப்பிட்டார்கள். 'வில்லாதி வில்ல' என்ற பட்டத்தை மட்டும் ராஜா விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டான். போகட்டும் என்று மந்திரியும் விட்டுவிட்டார். ஒரேயடியாகச் சீவித் தள்ளினால் அப்புறம் வில் ஏது?