தண்ணித்தொட்டிக்கு ஏறிய டிவி

மந்தாரவிளைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதில் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அந்த ஊரில் ஏன் எதுவும் உருப்படியாக நடப்பதில்லை என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அந்த ஊர் ஞானப்பூவின் மகள் கத்தாரில் இருந்தாள். அங்கே பேரப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஞானஸ்நானம். மருமகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில், வீட்டுக்கு இழுத்துவிட்ட கேபிள் நெட்டில், அது அப்படியே தெரியும். ஆனால் ஞானப்பூவின் கண்ணுக்கு அதில் பிள்ளை சுண்டைக்காய் அளவுதான். முகத்தை ஒரு தடவை பெரிசாகப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் ஜெபித்தாள். பிள்ளைக்காகப் பின்னிய மஞ்சள் தொப்பியைக் கொண்டுபோகத்தான் ஆள் கிடைக்கவில்லை.

மந்தாரவிளையில் போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் தண்ணித்தொட்டி மேலே ஏற வேண்டும். ஞானப்பூ ஞாயிறு காலையிலேயே ஏறி, பிள்ளையை டிவியில் பெரிசாகப் பார்க்க மகள் சொன்ன வழியை மனப்பாடம் பண்ணிக்கொண்டு இறங்கினாள். "ஒயரோட ஒரு முனையை டிவிக்குப் பின்னால இருக்க ஓட்டையில சொருகணும். இன்னொரு முனையை லேப்டாப்ல சொருகணும்."

கணவர் தேவபிச்சையும் கொழுந்தன் வேதமுத்துவும் ஒயரை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தது.

"இதுல எது ஒரு முனை, எது இன்னொரு முனை?" என்றார் தேவபிச்சை.

"அவசரப்படாதீங்க அண்ணே. மாத்திச் சொருகி, பிள்ளை தலைகீழாத் தெரிஞ்சா யாரு பதில் சொல்லுறது?"

அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டுவதென்று முடிவாயிற்று. எந்தப் பக்கமும் மனசு நோகக்கூடாதென்று வேதமுத்து அதை நட்டநடுவில் கட்டினார். அப்புறமும் தெரியவில்லை. கடைசியில் ஞானப்பூ கண்ணை மூடி ஜெபம் பண்ணி, கைக்கு அகப்பட்டதே ஒரு முனை என்றாள்.

டிவியை நகர்த்திப் பின்னால் பார்த்தார்கள். சுவர் இருந்தது. சுவரில் ஒரு ஓட்டையும் இருந்தது. வேதமுத்து ஒயரைச் சொருகியதும் உள்ளேயிருந்து ஒரு பல்லி ஓடி வந்தது.

"சரியான ஓட்டைதான் மைனி. உள்ள நடமாட்டம் இருக்கு," என்றார் அண்ணன் மனைவியிடம்.

இன்னொரு முனையை லேப்டாப்பில் சொருகி, டிவியைப் போட்டார்கள். சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது.

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிக்னல் எங்கே இருக்கிறது என்று மந்தாரவிளையில் கைப்பிள்ளைக்கும் தெரியும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் டிவியைத் தூக்க, கரண்டு ஒயர் தானே பிடுங்கிக்கொண்டது. எழுத்து மறைந்தது.

"பாரு, தூக்கினதுமே சரியாயிட்டு," என்றார் தேவபிச்சை. "மேல போனா இன்னும் தெளிவாயிரும்."

அவர்கள் தொட்டியை நோக்கி நடந்தபோது, வீட்டில் லேப்டாப்பில் பாட்டு ஆரம்பித்தது. போதகர் தண்ணீர் தெளிக்க, பிள்ளை அழுது, பிறகு நேராகப் பார்த்துச் சிரித்தது. ஒரு கோழி மட்டும் அதைப் பார்த்தது.

தொட்டி மேலே டிவியை நிறுத்தி, எதிரே மூவரும் உட்கார்ந்தார்கள். சாயங்கால வெயில் அவர்கள் முகத்தில் விழுந்தது. கறுத்த கண்ணாடியில் மூன்று பேர் தெரிந்தார்கள்.

"யாரு இவங்க?" என்றார் தேவபிச்சை.

"சம்பந்தி வீட்டு ஆளுங்கதான்," என்றாள் ஞானப்பூ. "கல்யாணத்தன்னைக்குப் பாத்தது. நடுவுல அந்தம்மா. ரொம்பத்தான் வயசாயிட்டு."

அவள் கைகூப்பினாள். அந்தம்மாவும் அதே நேரம் கைகூப்பினாள். "நல்லா மரியாதை தெரிஞ்சவங்க. ஆனா நான் வாயைத் திறந்தா அவங்களும் திறக்காங்க. அப்புறம் எப்படிக் காதுல விழும்?"

பிள்ளையை மட்டும் காணோம். தூங்கப் போட்டிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, இடுப்பில் செருகிக் கொண்டுவந்த தொப்பியையாவது காட்டுவோமென்று தூக்கிப் பிடித்தாள். அந்தம்மா கையிலும் ஒரு மஞ்சள் தொப்பி.

"ஸ்தோத்திரம்," என்றாள் ஞானப்பூ. அவள் கண் கலங்கிவிட்டது. "போய்ச் சேர்ந்துட்டு."

"அப்ப மைனி, இந்தத் தொப்பி?"

"அதான் அங்க கிடைச்சிட்டுல்லா. இது உங்களுக்கு."

வேதமுத்து தொப்பியை வாங்கி, காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தார். ஞானப்பூவும் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"நல்ல குடும்பம்னு நம்பிப் பொண்ணைக் கொடுத்தமே," என்றாள் கணவரிடம். "பச்சைப்பிள்ளைக்கு அனுப்பின தொப்பியைப் பிடுங்கி, அந்தக் கிழவரு போட்டுக்கிட்டு வெக்கமில்லாம நம்மளையே பாக்காரு."