அம்மா குளித்த தண்ணீர்

வடிவம்மாவை நாச்சிமுத்து கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அம்மா ஒரு வாளியின் பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். வாளி தரையை விட்டு எழவில்லை.

"அதை எங்கீங்கம்மா தூக்கறீங்க?"

"கக்கூஸ் குழிக்கு."

வாளியில் இருந்தது அம்மாவே குளித்த தண்ணீர்.

அந்த மடம் தாராபுரத்துக்குத் தெற்கே, பழனிக்குப் போகிற சாலையோரம் இருந்தது. தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தயிர்சோறும் பச்சைக் கொத்தமல்லித் துவையலும் என்றால் அந்த மடந்தான்.

வடிவம்மா மடத்தின் தலைவி. நாச்சிமுத்து அவருடைய சீடர், ஆனால் வயதில் மூத்தவர். லாரி ஓட்டி ஓய்ந்தபின் மடத்துக்கு வந்தவர். மூத்தவர் என்பதால் அம்மா அவரைப் 'பெரியவரே' என்பார். அம்மா குரு என்பதால் நாச்சிமுத்து அவர் முன்னால் உட்கார மாட்டார்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. தோட்டம் வாடியது. குளிக்கிற தண்ணீர் வீணாக ஓடுகிறதே, அதைத் தோட்டத்துக்குத் திருப்பலாமா என்று நாச்சிமுத்து கேட்டார்.

"திருப்புங்க. ஆனா அதைத் தூங்க விடாதீங்க."

"தண்ணி தூங்குமுங்களா?"

"ஒரு ராத்திரி தூங்கினா, எந்திரிக்கிறப்ப வேற ஆளா எந்திரிக்கும்."

வாழைக்கும் முருங்கைக்கும் வேரடியில் விடச் சொன்னார், மேலே சருகு போட்டு. இலையில் படக்கூடாது. பச்சையாகத் தின்கிற எதற்கும் விடக்கூடாது. அடுப்படித் தண்ணீரை வைக்கோலில் வடித்துவிட்டுத்தான் விட வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு மண்ணை அடைத்துவிடும்.

ஏன், எதற்கு என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. அம்மா சொன்னால் சரி.

வாழை கருகருவென்று எழுந்தது. காய்ந்த சீமையில் இப்படி ஒரு பச்சையா என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாச்சிமுத்து அம்மாவை மனசுக்குள் கும்பிட்டார்.

ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது.

வழிப்போக்கன் சேறு கழுவிய தண்ணீரும், சமையல் செல்லக்காள் குளித்த தண்ணீரும், அம்மா குளித்த தண்ணீரும் ஒரே வாய்க்காலில் போயின. அம்மாவின் பாதம் கழுவிய நீரைச் சொம்பில் வாங்கிப்போக ஊர்ஊராக ஆட்கள் வருகிறார்கள். இங்கே அது சாக்கடையோடு சாக்கடையாக.

ஒருவருக்கும் சொல்லாமல் அவர் அம்மாவின் குளியலறையிலிருந்து தனிக் குழாய் போட்டார். சுவருக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி. வெள்ளிக்கிழமைதோறும் குளித்து விபூதி பூசி மூடியைத் திறப்பார். தலையில் கொஞ்சம் தெளித்துக்கொள்வார். மிச்சத்தைக் கொத்தமல்லிப் பாத்திக்கு விடுவார்.

வாசம் லேசாக மாறியிருந்தது. தீர்த்தத்துக்கு வாசம் பார்ப்பது பாவம்.

பூசத்துக்கு வருகிற அத்தனை பேர் வயிற்றுக்கும் அம்மாவின் பிரசாதம் போகப்போகிறது. அதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கும். கொத்தமல்லிக்கு என்ன மருந்து வைக்கிறீர்கள், எனக்கும் கொஞ்சம் கொடுங்கள், தலைமுடி கொட்டுகிறது என்று செல்லக்காள் கிண்டல் செய்தாள். அவர் சிரித்துக்கொண்டார்.

மார்கழிக் கடைசியில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கஞ்சிகூடத் தங்கவில்லை. செல்லக்காள்தான் துணி மாற்றினாள், அலசினாள்.

பூசக்கூட்டம் வருவதற்கு முதல் நாள், படுத்திருந்த அம்மா அவளிடம் துணியை எங்கே அலசுகிறாய் என்று கேட்டார். உங்கள் குளியலறையில்தான் என்றாள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்றார். பெரியவர் ஏதோ குழாய் போட்டிருக்கிறார் என்றாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் போனார்.

மூடியைத் திறந்ததும் கொசு முகத்தில் மோதியது. செல்லக்காள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அம்மா பொத்தவில்லை. தொட்டியைப் பார்த்தார். தொட்டியிலிருந்து போகிற வாய்க்காலைப் பார்த்தார். அது முடிகிற இடத்தில் முழங்கால் உயரம் கொத்தமல்லி நின்றது.

ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் நாச்சிமுத்து கொத்தமல்லி பிடுங்கக் கூடையோடு வந்தார்.

"இது உங்க தீர்த்தமுங்கம்மா. கக்கூஸ் குழியிலயா ஊத்துவாங்க?"

"லாரியில சாமி படம் ஒட்டுவீங்கல்ல, பெரியவரே?"

"ஒட்டுவேனுங்க."

"கண்ணாடி முழுக்கவா?"

"ரோடு தெரியாதுங்களே."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வாளிப் பிடியை விடவில்லை.

"இன்னிக்கு மடத்துல யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"உங்களுக்கு."

"வேற?"

"வேற யாருக்கும் இல்லீங்க."

"அப்ப இன்னிக்கு இந்த மடத்துல ரொம்ப அழுக்குத் தண்ணி யாரோடது?"

செல்லக்காள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா என்று நாச்சிமுத்து கெஞ்சினார்.

"நான் சொன்னா அடக்கம்னு கும்பிடுவீங்க. நீங்க சொல்லுங்க."

நாளைக்குக் கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். துவையலை விரலில் தொட்டு அதன் நாக்கில் தடவுவார்கள். நாச்சிமுத்து வாளிக்குள் பார்த்தார். முதன்முதலாகப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் நுரை கட்டியிருந்தது. அதற்குக் கீழே புழு நெளிந்தது.

"உங்களோடதுதானுங்க."

அம்மா வாளிப் பிடியை விட்டார்.

நாச்சிமுத்து தூக்கிக்கொண்டு நடந்தார். தொட்டி வற்றும் மட்டும் குழிக்கும் தொட்டிக்குமாக நடந்தார். பாத்தியில் ஒரு தண்டு விடாமல் பிடுங்கி அதே குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டினார். கைகால் கழுவிக்கொண்டு திரும்பியபோது, அம்மாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுநாள் நடந்து வந்தவர்கள் தயிர்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். துவையல் எங்கே என்று சிலர் முணுமுணுத்தார்கள். பழனி போய்ச் சேரும்வரை ஒருவரும் வயிற்றுக்கு முடியாமல் படுக்கவில்லை.

பூசம் கழிந்து அம்மாவின் உடல் வந்தது.

சமாதி வைக்கிற அன்று சொம்பும் குடமுமாக ஊர் திரண்டது. அம்மா கடைசியாகக் குளித்த தண்ணீர் ஒரு சொட்டாவது இருக்குமா என்று நாச்சிமுத்துவிடம் கேட்டார்கள்.

"கக்கூஸ் குழியில ஊத்திட்டனுங்க," என்றார்.

ஒருவர் தரையில் துப்பினார். இவனையெல்லாம் மடத்தில் வைத்ததே தப்பு என்றார் இன்னொருவர். நாச்சிமுத்து எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னார், கேட்டவர்கள் ஓயும் வரைக்கும்.

காரியம் முடிந்து எல்லோரும் குளித்தார்கள். துப்பியவரும் குளித்தார். தண்ணீர் அன்றைக்கே வாழை வேருக்குப் போய்ச் சேர்ந்தது.

மடத்துக் கிணற்றில் முழங்காலளவு தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.