ஆள்காட்டி கொடுத்த விண்ணப்பம்

ஏரிக்கரைப் புல்வெளியில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் மனைவியோடு வசித்தது. தரையில்தான் அவற்றின் கூடு. எருமைகள் நடக்கிற வழி அது. போன தடவை இட்ட முட்டைகள் குளம்பில் நசுங்கிப் போயின. மனைவி மறுபடி முட்டையிடும் நாள் நெருங்கியது.

அப்போது ஒரு சேதி வந்தது. ஏரியின் நடுத்திட்டில் கூடு கட்டியிருந்த பறவைகளுக்குக் காவல் ஆள் வேண்டுமாம். உடும்பு ஒன்று நீந்தி வந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறதாம். வேலைக்கு வருபவர் குடும்பத்தோடு திட்டிலேயே இருந்துகொள்ளலாம். எருமை அங்கே வராது. விண்ணப்பத்தை இலையில் எழுதித் தர வேண்டும்.

“எழுதிக் கொடுங்க. ஆனா உங்க குரலைப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க,” என்றது மனைவி.

ஆள்காட்டிக்கு முகம் வாடியது. புல் அசைந்தாலே கத்திவிடும் வாய் அதற்கு. அந்த வாயால் முயல் வீட்டாரும் பகை, கௌதாரி வீட்டாரும் பகை.

ஊருக்கெல்லாம் அழகாக விண்ணப்பம் எழுதித் தரும் மைனாவிடம் போயிற்று. எங்கே வேலை, என்ன வேலை என்று மைனா கேட்கவே இல்லை. பூவரச இலையில் சரசரவென்று கீறித் தந்தது. “கொண்டு போய்க் கொடு. வேலை உனக்குத்தான்.”

மறுநாள் திட்டில் பறவைகள் கூடியிருந்தன. தலைவியான கூழைக்கடா இலையை வாங்கி உரக்கப் படித்தது.

“‘அடியேன் அதிர்ந்து பேசாதவன். என் நடை அன்னநடை. என் குரல் தேன். என் அருகில் எவரும் நிம்மதியாக உறங்கலாம்.’”

“இதையேதான் நேத்து மீன்கொத்தியும் கொடுத்தாரு,” என்றது நாமக்கோழி.

“முந்தாநாள் ஆந்தையும் கொடுத்தாரே,” என்றது நாரை. “ஆந்தைக்கு அன்னநடையாம்.”

எல்லாப் பறவைகளும் சிரித்தன. ஆள்காட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘ஆண்டவனே, என்னை இங்கிருந்து கொண்டுபோய் விடு’ என்று வேண்டியபடி திரும்பி நடந்தது.

கூழைக்கடா சிரிக்கவில்லை. “நில்லுப்பா. உடும்பு வந்தா அதிர்ந்து பேசாம என்ன செய்வே?”

“அது பொய்ம்மா,” என்றது ஆள்காட்டி, தலை நிமிராமல். “கத்துவேன். அது தலைக்கு மேலேயே சுத்திச் சுத்திக் கத்துவேன். ராத்திரியானாலும் சரி, அது போற வரைக்கும் நிறுத்தத் தெரியாது எனக்கு. அதனாலதான் யாரும் என்னைப் பக்கத்துல சேர்க்கிறதில்லை.”

சிரிப்பு நின்றது.

“இதை ஏன் எழுதலை?”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

“ஒருத்தரும் கத்தாததாலதான் எங்க முட்டையெல்லாம் போச்சு. வேற இலை எடுத்து நீயே எழுது.”

“என் எழுத்து கோணலா இருக்கும்.”

“உடும்பு அதைப் படிக்கப் போறதில்லை.”

ஆள்காட்டி காலால் கீறியது. ‘நான் ஆள்காட்டி. உடும்பைக் கண்டால் நீங்கள் எல்லோரும் விழிக்கும்வரை கத்துவேன். என் மனைவி முட்டையிட இடம் வேண்டும்.’

அவ்வளவுதான். கூழைக்கடா படித்துவிட்டு, “இன்னைக்கே வந்துடு,” என்றது.

சாயங்காலம் மனைவியோடு வந்து இறங்கியபோதும் ஆள்காட்டியால் எவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. காலையில் சிரித்த நாமக்கோழிதான் முன்னால் நடந்து, மேடாக, உலர்ந்த இடமாகப் பார்த்துக் காட்டியது.

வேலை கேட்டு எழுதும்போது, ஊருக்கெல்லாம் பொருந்துகிற இரவல் புகழைவிட, அங்கே உதவக்கூடிய நம் சொந்தக் குணத்தை உள்ளபடி சொல்வதே மேல்.