இடக்கைக்காரரின் இழைப்புளி

தச்சரின் உளியும் வாய்ச்சியும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சங்குமுத்து என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு மரத்தில் ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. ஆனால் தச்சர்களின் பழைய கருவி எங்கே கிடந்தாலும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிடுவான். பைத்தியம், வேறென்ன சொல்ல!

கருவி யாருடையது என்று கண்டுபிடிக்க அன்று சிரமமே இல்லை. கை பட்டுத் தேய்ந்து குழிந்த இடம் இருக்குமே, அங்கே விரலை வைத்து, "நீ யார் கை?" என்று கேட்டால் போதும். பேர், ஊர், பட்ட பாடு எல்லாவற்றையும் அது சொல்லும். சங்குமுத்து பேரை மட்டும் கேட்டுக்கொள்வான். கேட்டதும் அடுத்த கருவியைத் தேடக் கிளம்பிவிடுவான்.

ஒரு வெள்ளத்தில், மரத்தைச் சீவி வழுவழுப்பாக்குகிற இழைப்புளி ஒன்று கரை ஒதுங்கியது. "இடக்கை வன்னியப்ப ஆசாரி" என்றது. மேலும் ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் அவன் அதைச் சுவரில் மாட்டிவிட்டான்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, அழுக்குக் கடையா வச்சிருக்கீரு?" என்று சிரித்தான். சங்குமுத்துவுக்குச் சுருக்கென்றது. புளி, செங்கல் பொடி, அரம் எல்லாம் எடுத்துவைத்து மூன்று நாள் தேய்தேய் என்று தேய்த்தான். "வேண்டாம், வேண்டாம்" என்று கருவிகள் கத்தின. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இழைப்புளியில் குழி எல்லாருக்கும் இருக்கிற பக்கத்தில் இல்லாமல் மறுபக்கம் இருந்தது. கோணலாக இருக்கிறதே என்று சுரண்டிச் சமமாக்கினான்.

நாலாம் நாள் உலகம்மை என்று ஒருத்தி வந்தாள். நடந்து நடந்து அவள் பாதம் வெடித்திருந்தது.

"அண்ணாச்சி, மலைக்கு மரவேலைக்குப் போன எங்க வீட்டுக்காரர் ஆறு மாசமா வரலை. வெள்ளத்துல போயிட்டாரா, உசுரோட இருக்காரான்னு தெரியலை. அவரு இடக்கைக்காரரு. அவரு இழைப்புளி உங்ககிட்ட இருக்காமே?"

சங்குமுத்து அதைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் தடவித் தடவிப் பார்த்தாள். குழி இல்லை. "அவரு இருக்காரா? அதையாவது சொல்லு" என்று கெஞ்சினாள். இழைப்புளி பேசவில்லை.

"வன்னியப்ப ஆசாரின்னு சொல்லிச்சு, தாயி. அதுக்கு மேல நான் கேட்கலை. அழுக்குன்னு நெனச்சுச் சுரண்டிட்டேன்."

"அது அழுக்கா அண்ணாச்சி? அவரு கை இருந்த இடம்லா அது! நான் இந்தப் பொட்டை வைக்கவா, அழிக்கவா? இனி யாருகிட்டப் போய்க் கேட்பேன்?"

உலகம்மை சாகும்வரை காலையில் பொட்டு வைக்கப் போவாள், பாதியில் கை நின்றுவிடும், அழுவாள். பாவி மகள், வாழ்ந்தவளும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை.

சேதி பரவியது. சொல்லி என்ன, கேட்க ஆளில்லையே என்று ஊர் ஊராகக் கருவிகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான், பழைய கருவி தேடி அலைகிறவர்கள் துருவைத் துடைத்தாலும் பிடியைச் சுரண்டுவதில்லை. தேய்ந்த குழியில் தங்கள் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறார்கள். யார் கை என்று மட்டும் தெரிவதே இல்லை.